கொல்லையில் வெறும் மணல்: கருமண் வாங்குவதா, எரு போடுவதா, உமிக்கரி கலப்பதா?

கோலாலம்பூரில் வரிசை வீட்டுக் கொல்லைப் புல்லை உரித்தால் அடியில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்குச் செம்மண், சிலருக்குச் சிமெண்டுக் கட்டியும் உடைந்த ஓடும். நிறைய பேருக்கு மணல். அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஊற்றிய தடமே இருக்காது. கீரை விதைத்தால் முளைக்கத்தான் செய்யும். நாலு இலை விட்டதும் வெளிறி, அப்படியே நின்றுவிடும். உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: லாரியில் கருமண் இறக்கு, கோழி எரு போடு, சமையல் கழிவைப் புதை, பேசாமல் தொட்டியில் வை. எல்லாமே வேலை செய்யும். எவ்வளவு நாள் வேலை செய்யும் என்பதில்தான் வித்தியாசம். காசு வீணாவதும் அங்கேதான்.

மணல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தீர்வு பாதி புரிந்துவிடும். வீடு கட்டியவர்கள் தரையை நிரப்பக் கொட்டிய மணலாக இருக்கலாம். இல்லாவிட்டால் பழைய ஈயச் சுரங்கத்தின் மிச்சம் (வெள்ளீயம், காரீயம் இல்லை). இந்த ஊரே ஈயத்தால் பிறந்த ஊர். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்று வழியாக வந்து அம்பாங் பக்கம் தோண்டத் தொடங்கினார்கள். பிறகு வந்த காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பாலோங் என்ற நீண்ட மரத் தொட்டிப் பாதையில் ஓடவிட்டார்கள். கனமான ஈயத் தாது அதில் தங்கியது. மிச்சத்தில் பருமணல் பக்கத்திலேயே குவிந்தது. நுண்ணிய களி தண்ணீரோடு தூரம் போய்க் குட்டைகளில் படிந்தது. தித்திவங்சா ஏரி, சுங்கை பீசிப் பக்கம் மைன்ஸ் ஏரி எல்லாம் பழைய ஈயக் குழிகள்தாம். அப்படிப்பட்ட நிலத்தில் எழுந்த தாமானில் (குடியிருப்பில்) உங்கள் வீட்டில் மணலும் அடுத்த தெருவில் வழுக்கும் களியுமாக இருந்தால் ஆச்சரியமில்லை. இயற்கையில் ஒன்றாகக் கிடந்த இரண்டையும் சுரங்கம் பிரித்துப் போட்டுவிட்டது.

உங்கள் மண் எந்த அளவுக்கு மணல் என்பதை ஒரு ஊறுகாய் பாட்டில் சொல்லிவிடும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். வண்டல் இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். களி மறுநாள்தான் படியும். மறுநாள் காலையில் ஒரே வெளிர் அடுக்கும் மேலே தெளிந்த தண்ணீரும்தான் இருக்கிறதென்றால் அது மணலேதான், மேலே படியுங்கள். ஒரு விரல் தடிமனுக்குக் களி தெரிந்தால் உங்களுக்கு எருவே போதும்.

மணலிடம் இரண்டு குறை. மணல் துகள் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. துகள் பெரிதானால் இடைவெளியும் பெரிது, தண்ணீர் நிற்காது. இன்னொன்று, உரச் சத்தைப் பிடித்து வைக்கும் மின்னேற்றம் களிக்கும் மக்கிய பொருளுக்கும் உண்டு, மணலுக்கு ஏறக்குறைய கிடையாது. இதன்மேல் இங்கே வருடத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை, அதுவும் பிற்பகல் இடிமழையாக ஒரே மூச்சில் கொட்டும். காலையில் போட்ட யூரியா மாலையில் வேருக்குக் கீழே போயிருக்கும். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் மக்கு உரமும் வேகமாகக் கரையும். குளிர் நாட்டுக்காரர்கள் காணொளியில் "ஒரு முறை நிறையப் போடுங்கள், சில வருடம் தாங்கும்" என்பார்கள். அவர்கள் ஊரில் அது சரி. இங்கே ஒரு வருடத்தில் அதில் பெரும்பகுதியைத் தேட வேண்டியிருக்கும்.

அதனால் நான் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இது மணலில் தங்குமா, போய்விடுமா என்பதைத்தான். விலை இரண்டாவது.

கருமண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லாருக்கும் முதலில் மனம் போவது அதில்தான். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் எட்டு அங்குல உயரத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 1.9 கன மீட்டர் ஆகும், எடை இரண்டு டன்னுக்கு மேல். பின் சந்து அகலமாக இருந்து லாரி உள்ளே வந்தால் பிரச்சினை இல்லை. வராவிட்டால் அத்தனையும் தள்ளுவண்டியில் வரவேற்பறை வழியாகத்தான் போகும். வீட்டம்மாவிடம் முதலிலேயே சொல்லிவைப்பது குடும்பத்துக்கு நல்லது. தானா ஹீத்தாம் (கருமண்ணின் மலாய்ப் பெயர்) என்று விற்பதெல்லாம் ஒரே பொருளும் இல்லை. சிலது சதுப்பு நிலத்துக் கரி மண், புளிப்பு அதிகம். சிலது எங்கேயோ அடிமண்ணைத் தோண்டி, கொஞ்சம் எருவும் கரியும் கலந்தது. கோரைக் கிழங்கு கூடவே வந்தால் அதை ஒழிப்பதே தனி வேலையாகிவிடும். லாரிக்குச் சொல்லும் முன் ஒரு பை மட்டும் வாங்கி, ஒரு குவளையில் போட்டுப் பச்சைப்பயறு விதைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் அந்த மண்ணின் யோக்கியதை தெரியும்.

நல்ல கருமண் கிடைத்தால் அந்த மாதமே விதைக்கலாம், வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் முடியாது. ஆனால் அதிலிருக்கும் மக்குப் பொருளும் இதே வெயிலில்தான் கிடக்கப்போகிறது. எரு போடும் வேலை ஒத்திப்போகிறதே தவிர ஒழியவில்லை. அவசரம் இல்லாதவர்களுக்கு இந்தச் செலவு எனக்கு அதிகமாகவே படுகிறது.

எருவுக்கு இங்கே ஒரு சரித்திரமே உண்டு. பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல்காட்டில் சீன விவசாயிகள் கோழி எருவைக் கொட்டிக் கொட்டியே கீரையும் முள்ளங்கியும் விளைவித்தார்கள். முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவர்கள் தினமும் தண்ணீர் இறைத்தார்கள், ஒவ்வொரு போகத்துக்கும் மறுபடி எரு போட்டார்கள். வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்த முறை அப்படியே ஒத்துவராது.

கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், விலையும் குறைவு. பச்சையாகப் போட்டால் ஈயும் நாற்றமும். அண்டை வீட்டாருடன் உறவு கெட இது ஒன்றே போதும். பதப்படுத்திய குருணை வாங்குங்கள், சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போதும். பத்தடிக்குப் பத்தடி இடம் 9.3 சதுர மீட்டர், ஆக ஒன்பது, பத்து கிலோ. அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியை நடும் முன்னும் மீதியை மூன்று வாரம் கழித்தும் போடலாம். முட்டைக் கோழியின் எருவில் சுண்ணாம்பும் வரும், புளிப்பு மண்ணுக்கு அது நல்லது. ஆட்டுப் புழுக்கை மெதுவாகக் கரையும், மணலுக்கு அந்தக் குணம் பொருந்தும். உடைத்துப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் கோலிக்குண்டுபோல அப்படியே கிடக்கும். மாட்டுச் சாணத்தில் சத்து குறைவு என்றாலும் உடல் இருக்கிறது. மணலுக்குத் தேவை சத்து மட்டும் இல்லை, நிரப்பும் பொருளும்தான். என்னைக் கேட்டால் ஆடு முதலில், கோழி கொஞ்சமாகத் துணைக்கு.

வீட்டுச் சமையல் கழிவைப் பற்றிப் பலருக்கும் பெரிய நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கொஞ்சம் இறங்கிவிடும். ஒரு குடும்பத்தில் நாளுக்கு ஒரு கிலோ கழிவு என்று வைத்தாலும் வருட முடிவில் கிடைக்கும் மக்கு நூறு கிலோவை ஒட்டித்தான் வரும். நம் இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு மக்கு பரப்ப 470 லிட்டர் வேண்டும், ஐம்பது லிட்டர் பையில் ஒன்பது, பத்து. வீட்டு மக்கை மட்டும் நம்பினால் முதல் வருடம் ஒரு மூலைதான் தயாராகும். தொடங்க வாங்குங்கள், தொடர வீட்டில் செய்யுங்கள். தோலும் சக்கையும் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு. தாமான் சாலையோர அங்சானா மரங்கள் சும்மாவே இலையைக் கொட்டுகின்றன. தேங்காய்ச் சக்கை நம் வீடுகளில் தாராளம். ஆனால் அதில் எண்ணெய் இருக்கிறது, மொத்தமாகப் போட்டால் புளித்து நாறும், எலியும் வரும். தூவித் தூவிக் கலக்க வேண்டும்.

பெட்டி வைக்க இடமில்லாதவர்கள் ஓரடி ஆழத்தில் குழி வெட்டி நேரடியாகப் புதைக்கலாம். மணலில் காற்றோட்டம் இருப்பதால் சில வாரங்களில் மக்கிவிடும். மேலே ஒரு கம்பி வலையைப் போட்டுச் செங்கல் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதைத்ததை எலி இரவே தோண்டி எடுக்கும். மீனும் இறைச்சியும் வேண்டவே வேண்டாம்.

தென்னை நார்த் தூளைப் பற்றிச் சுருக்கமாக: தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், மக்கு உரத்தைவிட அதிக நாள் தாங்கும், சத்து மட்டும் ஏறக்குறைய இல்லை. ஐந்து கிலோக் கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், தூக்கி வரச் சுலபம். இரண்டு முறை அலசி உப்பை எடுத்துவிட்டுக் கலக்குங்கள். செம்பனைக் குலைச் சக்கையிலிருந்து செய்த மக்கும் கிடைக்கிறது, சாம்பல் சத்து (பொட்டாசியம்) உள்ளது, நல்ல பொருள்தான். பாதி மக்கியதை வாங்கிக் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுவிடும். பக்கத்தில் தென்னை வைத்திருப்பவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

நான் அதிகம் பேச விரும்புவது உமிக்கரியையும் செம்மண்ணையும் பற்றி. இரண்டும் மணலில் தங்குகிற பொருள்கள். அந்தக் காலத்தில் பல் விளக்கிய அதே உமிக்கரிதான். இங்கே செடிக் கடைகளில் செகாம் பாக்கார் என்று கேட்டால் மூட்டையாகக் கிடைக்கும். நெல் உமியைக் காற்றுக் குறைவாக வைத்துக் கருக்கியது. கரியை நுண்ணுயிர்கள் லேசில் தின்ன முடியாது, அதனால் மக்கு கரைந்து போன பிறகும் அது மண்ணில் கிடக்கும். நுண்துளைகளில் தண்ணீர் நிற்கும், கொஞ்சம் சத்தும் ஒட்டும். சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ என்பது நல்ல அளவு. நம் இடத்துக்கு அதிகபட்சம் இருபது கிலோ, லேசான பொருளாதலால் அதுவே மூன்று மூட்டை இருக்கும்.

வாங்கியதை அப்படியே கலக்காதீர்கள். வெறும் கரி முதலில் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். எருவோடு கலந்து ஈரமாக இரண்டு மூன்று வாரம் மூடி வைத்தபின் போட வேண்டும். மூட்டையைப் பிரிக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.

செம்மண் யோசனையைக் கேட்டால் செடிக் கடைத் தவுக்கே (முதலாளி) சிரிக்கக்கூடும், காரணம் அதை விற்றால் அவருக்கு லாபம் கம்மி. ஆனால் மணலில் குறைவது களிதான் என்னும்போது களியைச் சேர்ப்பதுதானே நேரான வைத்தியம்? மேற்கு ஆஸ்திரேலியாவில் மணல் வயல்களில் பெரிய இயந்திரம் வைத்துக் களி பரப்புகிறார்கள். நமக்கு மண்வெட்டி போதும். எட்டு அங்குல ஆழத்துக்கு நம் இடத்திலுள்ள மணலின் எடை 2.8 டன் போல வரும். அதில் களியின் பங்கை ஐந்து சதவீதம் கூட்ட 140 கிலோ களி வேண்டும். கிடைக்கும் செம்மண்ணில் களி நாற்பது சதவீதம் என்று வைத்தால் 350 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் பதினான்கு. கருமண் லாரியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எடைதான். அது எங்கேயும் போகாது என்பதுதான் பெரிய ஆதாயம்.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. நம் செம்மண்ணில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட் வகைக் களி. மணலைவிட நன்றாகத் தண்ணீர் பிடிக்கும், சத்துப் பிடிப்பதில் சுமார்தான். பென்டோனைட் என்ற களி பல மடங்கு திறமையானது, விலையும் அப்படியே. இன்னொன்று, செம்மண்ணை ஈரக் கட்டியாகப் போட்டுக் கொத்தினால் மணலுக்குள் செங்கல் துண்டுகளாகத்தான் கிடக்கும். வெயிலில் காயவைத்து, உடைத்து, தூளாக்கி, மணல் காய்ந்திருக்கும்போது பரப்பிக் கொத்த வேண்டும். முதுகு வலிக்கும். சேர்ந்தாற்போல ஒரே நாளில் செய்யாமல் வாரத்துக்கு ஒரு பாத்தி என்று எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டியும் பாலிபேக்கும் மண்ணைத் திருத்துவதில்லை, அதைத் தவிர்க்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதுவே சரியான முடிவு. வீடு மாறினால் மண்ணையும் தூக்கிக்கொண்டு போகலாம். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கு, ஒரு பங்கு மணல் என்ற கலவை இங்கே எல்லாச் செடிக் கடையிலும் வழக்கம். அந்த ஒரு பங்கு மணல் உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது, வாங்காதீர்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஏடிஸ் கொசு வளரும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு, சோதனைக்கு வரும்போது "செடிக்குத்தான் சார்" என்பது செல்லாது.

சொந்த வீடு, நாலைந்து வருடமாவது இருக்கப் போகிறோம் என்றால் என் தேர்வு இப்படி. கருமண்ணுக்கு ஒதுக்கிய காசில் பாதியை எடுத்து உமிக்கரியும் செம்மண்ணும் ஒரே ஒரு முறை போடுங்கள். மீதியில் ஆட்டுப் புழுக்கையும் மக்கும் வாங்கி, மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு அங்குலம் என்று கொடுத்து வாருங்கள். மேலே எப்போதும் காய்ந்த இலையோ வெட்டிய புல்லோ மூடாக்காக இருக்கட்டும். மூடாக்கு இல்லாத மணலில் மற்றதெல்லாம் பாதிப் பலன்தான்: வெயில் நேரே தாக்கும், மழை நேரே குத்தும். ரசாயன உரம் போடுகிறவர்கள் 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) குருணையைச் சிட்டிகை சிட்டிகையாகப் பத்து நாளுக்கு ஒரு தடவை போடலாம். மாதத்துக்கு ஒரு கை என்று போட்டால் அது சாக்கடைக்குத்தான் உரம். வயதானவர்கள், குனிந்து கொத்த முடியாதவர்கள் கருமண்ணை உயரப் பாத்தியாகப் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. அவர்களுக்கு அந்த உயரமே லாபம்.

சுண்ணாம்பில் மட்டும் கை தாராளம் வேண்டாம். மணலுக்குத் தாங்கும் சக்தி குறைவு, கொஞ்சம் போட்டாலே பிஎச் அளவு (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) ஏறிவிடும். கட்டட இடிபாடு கலந்த கொல்லையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதோடு உமிக்கரியும் கோழி எருவும் அதை ஏற்றும் பக்கம்தான் இழுக்கும். சோதனைத் தாளில் பார்த்து 5.5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு நூறு கிராம் போட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

உங்கள் தாமான் பழைய ஈய நிலத்தில் எழுந்தது என்று தெரிந்தால், காசு செலவழிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த தாதுவும் சேர்ந்து கிடப்பது உண்டு. எல்லா இடத்திலும் அபாயம் என்று இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. விவசாயத் துறையிடமோ செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலோ விசாரித்து ஆர்செனிக், காரீயம், காட்மியம் மூன்றையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். அளவு அதிகமாக வந்தால் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் வேண்டாம். கொல்லை மண்ணைத் தொடாத தொட்டி, வெளியிலிருந்து வாங்கிய மண், அவ்வளவுதான்.

சோதனை சரியாக வந்தால் மண்ணைக் கொத்தும் வேலைக்கு ஜூன், ஜூலை வசதி. மழை ஒப்பிடக் குறைவு, செம்மண் காயும். முதல் வருடம் மணலோடு சண்டை போடாத பயிர்களை வையுங்கள்: சர்க்கரைவள்ளி, மரவள்ளி, நிலக்கடலை, முருங்கை, பயத்தங்காய். சர்க்கரைவள்ளிக் கொழுந்தைக் கீரையாகவும் சமைக்கலாம், கிழங்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலையும் பயத்தங்காயும் வேரில் தழைச்சத்து சேர்க்கும். பயத்தங்காய் அறுவடைக்குப் பின் வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் அறுத்து மூடாக்காகப் போடலாம். கங்கோங் (வள்ளைக்கீரை), தண்டுக்கீரை இரண்டும் இரண்டாவது எருவுக்குப் பிறகு. வெண்டை, கத்தரி, தக்காளி, பாகல் எல்லாம் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும், ஏனென்றால் மணல் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம், அதற்கு மிகவும் பிடித்தவற்றில் இந்த நாலும் உண்டு. காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்கும்போது வேரைப் பார்க்காமல் எறியாதீர்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக நடுங்கள். புழு குறையும், பூ பூசைக்கு ஆகும். அந்த வேரை மட்டும் மக்குப் பெட்டியில் போடாமல் குப்பைப் பையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.